வாழாத வாழ்க்கையை எழுதுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் இரண்டாவது நாவலின் முதல் வரைவை முடித்திருக்கிறேன். 52 வயதுப் பெண் ஒருத்தி, இனி வாழ என்ன இருக்கிறது என்ற இடத்தில் நிற்கிறாள். அன்றிரவு தூங்கி எழும்போது, தான் எப்போதோ கைவிட்ட ஒரு வாழ்க்கைக்குள் கண் விழிக்கிறாள். அதன்பின் இரவுக்கு ஒரு வாழ்க்கை. வயலினைத் தொடர்ந்திருந்தால், முதலில் காதலித்தவரை மணந்திருந்தால், வெளிநாட்டு வேலையை ஏற்றிருந்தால், தம்பியோடு பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்... இப்படி ஒன்பது. ஒவ்வொன்றும் ஒரு குறையில் போய் முடிகிறது. கடைசியில் தன் வாழ்க்கைக்கே திரும்பி அதை ஏற்றுக்கொள்கிறாள்.

படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் மூன்றாவது வாழ்க்கையிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். எங்கே தவறுகிறது? கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுருக்கத்தைப் படித்தேன். நாவல் திருந்தும். ஆனால் நடையை மெருகேற்றினால் திருந்தாது. அடிப்படைக் கணக்கையே மாற்ற வேண்டும்.

வயலின் கலைஞர் குடிக்குள் விழுகிறார். காதலித்தவர் துரோகம் செய்கிறார். வெளிநாட்டு வாழ்க்கையில் தனிமை தின்கிறது. இந்த மூன்றையும் பார்த்ததுமே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது, இந்த ஆசிரியர் எந்த மாற்று வாழ்க்கையையும் நன்றாக இருக்க விடமாட்டார் என்று. மிச்சமிருக்கும் ஆறையும் அவர் கடமைக்குப் புரட்டுகிறார். அதைவிடப் பெரிய சிக்கல் முடிவில் இருக்கிறது. மற்ற கதவுகளையெல்லாம் நீங்களே சாத்திவிட்டு, திறந்திருக்கும் ஒரே கதவு வழியாக அவளை அனுப்புகிறீர்கள். வேறு போக்கிடம் இல்லாமல் திரும்பியவள் தன் வாழ்க்கையை நேசித்துத் திரும்பினாள் என்று எப்படி நம்புவது? வாழாத வாழ்க்கைகளில் ஒன்றாவது உண்மையிலேயே இதைவிட நல்லதாக இருக்க வேண்டும். அதைப் பார்த்தபின்னும் அவள் இங்கே வர வேண்டும். உங்கள் நாவலின் முழு உழைப்பும் அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் பட்டியலின் முதல் பலவீனம் அங்கேதான். 1994-இல் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் வருத்தத்துக்குக் காலவரிசை உண்டு என்று காட்டினார்கள். அண்மையில் நடந்ததை நினைக்கும்போது செய்த காரியம் அதிகம் உறுத்துகிறது. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதுதான் மேலே வந்து நிற்கிறது. செய்த தவறுக்கு ஓர் எல்லை உண்டு: விளைவு தெரிந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டாயிற்று, சமாதானம் சொல்லிக்கொண்டாயிற்று. செய்யாததன் விளைவு நடக்கவே இல்லை என்பதால், எவ்வளவு வேண்டுமானாலும் அதைக் கற்பனையில் வளர்க்கலாம். உங்கள் ஒன்பதில் எட்டு, முப்பது ஆண்டுக்கு முன் செய்யாமல் விட்டவை. போன மாதம் செய்த ஒரு காரியம்கூட இல்லை. போன வாரம் யாரிடமோ சொன்ன ஒரு கொடிய சொல்லைச் சேருங்கள். நாள்பட்ட வருத்தமும் புது வருத்தமும் வலிக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு வந்தாலே அவள் பட்டியலாக இல்லாமல் ஆளாகத் தெரிவாள்.

இன்னொன்று, தொலைவு. 1982-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு சிறு கற்பனைச் சூழலைப் பலரிடம் கொடுத்தார்கள். இரண்டு பயணிகள் போக்குவரத்து நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதமாக விமான நிலையம் வருகிறார்கள். ஒருவரின் விமானம் சரியான நேரத்தில் போய்விட்டது. மற்றவரின் விமானம் தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கிளம்பியது. யாருக்கு அதிக வேதனை? பதில் சொன்னவர்களில் 96 சதவீதம் பேர் இரண்டாமவர் என்றார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான், நூலிழையில் தவறியதுதான் கொல்கிறது.

"வயலினைத் தொடர்ந்திருந்தால்" என்பதில் அந்த நூலிழை இல்லை. அது ஒரு தலைப்பு மட்டுமே. எந்த நாள், எந்த அறை, யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொன்னாள், என்ன பதில் சொல்லியிருக்கலாம்? ஒவ்வொரு கிளைக்கும் இதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராத கிளையை நீக்கிவிடுங்கள். உங்கள் ஒன்பதில் நான்கு இப்போதே விழுந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தமிழிலேயே பெரிய பாடம் இருக்கிறது. ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் பெண்ணை அவள் தாய் ஊருக்குத் தெரியாமல் மறைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிகழ்ச்சியை எடுத்து, தாய் அப்படி நடந்துகொள்ளாத வாழ்க்கையை எழுதினார். விஷயம் வெளியே தெரிந்து, நாவலில் கங்கை என்ற பெயரில் வரும் அந்தப் பெண் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஆனால் அந்த ஒரு நாளின் நிழலிலேயே வாழ்கிறாள். நாவலுக்குள் அந்தச் சிறுகதை ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. கங்கையே அதைப் படிக்கிறாள்.

இங்கே கவனிக்க வேண்டியவை பல. கிளை பிரியும் இடம் சில நிமிடங்கள் மட்டுமே. பிரிப்பவள் கங்கை அல்ல, அவள் தாய். தன் வாழ்க்கை இன்னொருவர் கையில் திரும்பியது என்ற வருத்தம் உங்கள் பட்டியலில் எங்குமே இல்லை. எல்லாவற்றுக்கும் உங்கள் கதாநாயகியே பொறுப்பாக இருக்கிறாள், அது வாழ்க்கையில் நடக்காத காரியம். அடுத்து, வாழாத வாழ்க்கையைக் கண்ணால் படித்தும் கங்கைக்கு ஆறுதல் கிடைத்துவிடவில்லை. காரில் வந்த அந்த மனிதனைத் தேடிப் போகிறாள். மாற்று வாழ்க்கையைப் பார்த்தவர் அதன்பின் ஏதாவது செய்தாக வேண்டும். உங்கள் கதாநாயகி ஒவ்வொரு முறையும் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், அடுத்ததற்குப் போகிறாள்.

பிறகு, விதிகள். கண் விழித்ததும் வேறு வாழ்க்கை என்று வைத்துவிட்டீர்கள், சரி. ஆனால் அங்கே அவள் கைக்கு வயலின் வாசிக்கத் தெரியுமா? முதல் அத்தியாயத்தில் தெரிகிறது, நான்காவதில் தெரியவில்லை. இதற்கு மூளையியலில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. 1953-இல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலெய்சன், அதன்பின் நடந்த எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர் ஆனார். ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது, முன்பு வரைந்த நினைவே அவரிடம் இல்லாவிட்டாலும். கையின் பழக்கமும் நிகழ்ச்சிகளின் நினைவும் மூளையில் வேறு வேறு வழிகளில் தங்குகின்றன. ஆகவே அவள் கை வாசிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் மட்டும் தெரியாமல் இருக்கட்டும். விதியும் உறுதியாகும், பதற்றமும் கிடைக்கும்.

அந்த வாழ்க்கையை அதுவரை வாழ்ந்துகொண்டிருந்தவள் எங்கே போனாள் என்ற கேள்வியையும் நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று ஆறாவது வாழ்க்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மகள் கட்டிப்பிடிப்பது யாரை? இதற்கு விடை எழுதத் தொடங்கினால், நல்ல வாழ்க்கையிலிருந்து அவள் ஏன் விலகுகிறாள் என்பதற்கும் விடை கிடைத்துவிடும். அங்கே கிடைக்கும் அன்பை இன்னொருத்தி பல வருடம் தூக்கம் கெட்டு, சண்டை போட்டு, சமாதானமாகிச் சம்பாதித்திருக்கிறாள். இவளுக்கு அதில் ஒரு நாள்கூட நினைவில்லை. அந்த வாழ்க்கையில் ஒரு குறையும் வைக்காமலே அவள் அதைவிட்டு வெளியே வர இந்த ஒரு காரணம் போதும். வாசகருக்கும் வலிக்கும்.

இனி எழுத்து மட்டத்தில். மாற்று வாழ்க்கைகளை நீங்கள் உச்சங்களிலேயே எழுதுகிறீர்கள்: மேடை, கைதட்டல், விமானம், மரணப் படுக்கை. வருத்தமும் அப்படித்தான் கற்பனை செய்கிறது. அதன் கற்பனையில் புதன்கிழமை மத்தியானம் என்ற ஒன்று கிடையாது. நாவலாசிரியர் எழுத வேண்டியது அந்தப் புதன்கிழமையைத்தான். கச்சேரி முடிந்த மறுநாள். காற்று வறண்டிருக்கிறது, மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிரடை பிடிக்காமல் வழுக்குகிறது, தந்தி சுருதியில் நிற்கவில்லை. பிரடையைக் கழற்றி, உராயும் இடத்தில் சாக்கட்டியைத் தேய்த்து, லேசாக உள்ளே அழுத்தியபடி திருப்புகிறாள். இடது கை விரல் நுனிகளில் தடித்த காய்ப்பு. கைபேசியைத் தொட்டால் அழுத்தம் சரியாகத் தெரிவதில்லை. தம்பியின் அழைப்பு வருகிறது. இங்கேயும் அவள் எடுப்பதில்லை. இந்த அளவு போதும். குடிப்பழக்கம் தேவையே இல்லை. அவள் கனவு கண்டது கிடைத்திருக்கிறது, அது உண்மையாகவே நன்றாக இருக்கிறது, தம்பியின் அழைப்பை எடுக்காத அவளும் கூடவே வந்திருக்கிறாள்.

இதற்கு ஒவ்வொரு வாழ்க்கைக்கும் ஒரு தாள் போட்டு, மூன்று பத்தியாகப் பிரியுங்கள். இங்கே இல்லாத எது அங்கே கிடைத்தது, இங்கே இருக்கும் எது அங்கே இல்லை, எங்கே போனாலும் மாறாதது எது. முதல் பத்தியில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதில் ஒன்று அவள் எதிர்பாராத இன்பமாக இருக்க வேண்டும். மூன்றாவது பத்தியை எல்லாத் தாள்களிலும் சேர்த்து ஒருமுறை வாசியுங்கள். உங்கள் நாவல் எதைப் பற்றியது என்பது அங்கேதான் இருக்கும். சுருக்கத்தை வைத்துச் சொன்னால், தம்பிதான்.

ஒன்பது அதிகம். 80,000 சொல் நாவல் என்றால், அவளுடைய சொந்த வாழ்க்கைக்கே முதலில் 12,000 சொல்லாவது கொடுங்கள். இப்போது நான்கு பக்கத்தில் அவளைத் தூங்க வைத்துவிடுகிறீர்கள். எதற்குத் திரும்புகிறாள் என்பது வாசகருக்குத் தெரியாமல் திரும்பல் எப்படி இனிக்கும்? முழுதாக வாழும் வாழ்க்கை நான்கு போதும். அவை ஒரே நீளத்தில் இருக்க வேண்டாம். மயக்கும் முதல் வாழ்க்கை நீளமாக, இரண்டாவது அதில் பாதியாக, நல்ல வாழ்க்கை எல்லாவற்றிலும் நீளமாக. இவை தவிர ஓரிரண்டை ஒரு பத்தியிலேயே முடித்துவிடலாம், சில வாழ்க்கைகள் காலை எழுந்ததுமே தெரிந்துவிடும். மிச்சத்தில் 15,000 சொல்லைத் திரும்பிய பிறகான நாட்களுக்கு ஒதுக்குங்கள். இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாற்றுகின்றன: கண் விழித்தாள், வெயில் அடித்தது, முற்றும்.

அந்தக் கடைசிப் பகுதியில் "உணர்ந்தாள்", "புரிந்தது", "ஏற்றுக்கொண்டாள்" என்ற சொற்களை வெட்டிவிடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே செய்யக்கூடியதாக இருந்து, அவளால் செய்ய முடியாமல் போன ஒரு சின்னக் காரியத்தை இப்போது செய்ய விடுங்கள். அது அரைகுறையாகவே நடக்கட்டும். தம்பி உடனே உருகிவிடக் கூடாது.

எல்லா வருத்தத்தையும் தீர்த்துவிடவும் வேண்டாம். மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் ஒரு லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டினார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனாலும் குழந்தை ஒன்று சக்கரத்தில் அடிபட்டுவிட்டது. உன் தவறல்ல என்று அவரைத் தேற்றுவோம், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கே ஏதோ உறுத்தும். சில வருத்தங்கள் சுமக்கப்பட வேண்டியவை, அவற்றோடுதான் வாழ்க்கையை நேசிக்க வேண்டும். உங்கள் கதாநாயகிக்கும் அப்படி ஒன்றை விட்டுவையுங்கள்.

தொடக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் வாழ வேண்டாமென்று நினைக்கும் இரவை நீங்கள் முறை, பொருள், அளவு எல்லாம் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அவற்றை முழுவதும் எடுத்துவிடுங்கள். தற்கொலையைச் சித்திரிக்கும் திரை, மேடைக் கலைஞர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையேடும் இதையே கேட்கிறது: வழிமுறையைக் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், உதவி கேட்க முடியும், கிடைக்கும் என்பதைக் காட்டுங்கள். நாவலுக்கும் இது அப்படியே பொருந்தும். வருத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. நாலு வாழ்க்கையைச் சுற்றிப் பார்த்தால் நோய் தீர்ந்துவிடும் என்பது போல எழுதினால், அந்த நிலையில் இருந்து படிக்கும் ஒருவருக்கு நீங்கள் தவறான வாக்குறுதி கொடுக்கிறீர்கள். திரும்பிய பிறகான பகுதியில் ஒரு மருத்துவர் வரட்டும், மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகட்டும், தூக்கம் மெல்லத் திரும்பட்டும். நூலின் முன்பக்கத்தில் உதவி எண்களை அச்சிடச் சொல்லிப் பதிப்பாளரிடம் இப்போதே பேசுங்கள்.

முழு நாவலையும் உடனே பிரிக்க வேண்டாம். ஆறாவது வாழ்க்கையை மட்டும் எடுங்கள். கடைசியில் வரும் விபத்தை நீக்கிவிட்டு, மகள் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு எழும்வரை ஒரே ஒரு மாலையை எழுதுங்கள். எட்டுப் பக்கம் வந்தால் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.