பள்ளம் விழுந்த கேக்கும் பின்கட்டுப் பிளம்ஸும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் போன தடவை வந்தபோது மூன்று பெட்டி மஞ்சள் கேக் மிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் போட்டிருந்தபடியே இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் ஓடிஜிக்குள் (கரண்டில் ஓடும் சின்ன அவன்) பூரி மாதிரி உப்பி, வெளியே எடுப்பதற்குள் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "கேக்கே வேண்டாம் அண்ணி. டின் பழத்தைத் தட்டில் கொட்டுங்க, மேலே மிக்ஸைத் தூவுங்க, வெண்ணெயை வெச்சு உள்ளே தள்ளுங்க. டம்ப் கேக்னு பேரு" என்றாள். அவள் சொன்ன செர்ரி டின்னை ஏழு ரோடு பக்கம் ஒரு கடையில் எடுத்துப் பார்த்து, விலையையும் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளம்ஸ் மரமும் இரண்டு பேரிக்காய் மரமும் இருக்கின்றன. அந்தப் பழத்தில் செய்யலாமா? வெண்ணெய் எவ்வளவு? மாமியார் முட்டை தொடமாட்டார். கரண்ட் போய்விட்டால் குக்கரில் வருமா? ஒரு பெட்டிதான் மிச்சம் இருக்கிறது.
- பெயர் வேண்டாம், நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அது உங்கள் கைக்குற்றம் இல்லை. வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பெருமாள்மலை வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்குகிற காற்று குறைந்துவிட்டது. உங்கள் ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கீழே கடலோரத்தில் இருக்கிற காற்றழுத்தத்தைவிட அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைவு. கேக் மாவுக்குள் பேக்கிங் பவுடர் கிளப்புகிற குமிழி ஒவ்வொன்றும் ஒரு குட்டி சிப்ஸ் பாக்கெட்தான். மாவு வெந்து இறுகி அதைத் தாங்கிப் பிடிப்பதற்கு முன்பே பெருத்து உடைந்துவிடுகிறது. மாவு வேகவும் நேரமாகிறது. தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே! குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு படுத்துகிற பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு வத்தலக்குண்டு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொடைக்கானலில். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பாக்கெட்டை நான் கீழேயும் அவள் மேலேயும் செய்து, எனக்குக் கேக்கும் அவளுக்குக் கிண்ணமும் கிடைத்த கதை எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடுகிறது. பல அமெரிக்கப் பெட்டிகளில் உயரமான ஊர்களுக்கென்று பொடி எழுத்தில் தனிக்குறிப்பு இருக்கும். அதுவும் பெரும்பாலும் 3,500 அடியிலிருந்து 6,500 அடிவரைதான் பேசும். நீங்கள் இருப்பது 7,000 அடி. என்றைக்காவது முழுக் கேக்காகவே செய்துபார்க்க ஆசை வந்தால், பெட்டிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி மைதாவும் கொஞ்சம் தண்ணீரும் கூடச் சேர்த்து, சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி, பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாமல் வையுங்கள். ஆனால் மிச்சமிருக்கிற ஒரே பெட்டியை அதில் பணயம் வைக்க வேண்டாம்.

உங்கள் நாத்தனார் கெட்டிக்காரி. அவள் சொன்ன பண்டம் உப்பவே வேண்டியதில்லை. உப்பாத பண்டத்துக்குப் பள்ளம் ஏது? அடியில் பழம், நடுவில் காய்ந்த மாவு, மேலே வெண்ணெய். சூடு ஏறியதும் பழச்சாறு கொதித்து ஆவி கீழிருந்து மேலே வரும், வெண்ணெய் உருகி மேலிருந்து கீழே இறங்கும். இரண்டும் நடுவில் சந்திக்கிற இடத்தில் மாவு வெந்து, அடிப்பக்கம் புட்டு மாதிரி மெத்தென்றும், மேல்பக்கம் பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்றும் ஆகும். இதில் மலை உயரம் வந்து கெடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. டம்ப் என்றால் குப்பை லாரி ஞாபகம் வருகிறது. கொட்டு கேக் என்றே சொல்வோமே. அமெரிக்கக் கைப்பாகம் உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. மதுரைச் சீமையின் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதே அமெரிக்க மிஷன்காரர்கள்தானே.

அளவுக்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்கச் செய்முறையில் "ஒரு பெட்டி" என்று இருந்தால் அது பல வருஷம் பெரும்பாலும் 432 கிராமாக இருந்தது, இப்போது சில கம்பெனிகள் அதையும் குறைத்துவிட்டன. நம் கடைகளில் கிடைக்கிற சின்ன கேக் மிக்ஸ் பாக்கெட் பல அதில் பாதிகூட இருக்காது. ஒரு பெட்டிக்குப் பதில் ஒரு பாக்கெட் என்று போட்டால் பழம் குளமாக நிற்கும், மாவு அதில் மிதக்கும். அதனால் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸ் எவ்வளவோ அதைப்போல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலாகப் பழம், மிக்ஸில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெண்ணெய். உங்கள் பெட்டி 432 கிராம் என்றால் அதில் பாதியை, அதாவது சுமார் 215 கிராமை, எட்டு அங்குலத் தட்டில் போடுங்கள். பழம் 600 கிராம், வெண்ணெய் 100 கிராம். மீதி மிக்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால், பேரிக்காய் சீசனுக்கு இன்னொரு முறை ஆயிற்று.

முட்டை இதில் சேர்ப்பதே இல்லை. ஆனால் அமெரிக்கப் பெட்டியில் நம் ஊர் மாதிரி பச்சைப் புள்ளி இருக்காது. மாமியாருக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெட்டியில் உள்ள பொருள் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், பச்சைப் புள்ளி போட்ட முட்டையில்லாத வெனிலா கேக் மிக்ஸை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனி உங்கள் பிளம்ஸ். அந்த மரம் கொல்லையில் நிற்கும்போது செர்ரி டின்னுக்கு ஏங்குவது, வீட்டில் பசு கட்டியிருக்க பால் பவுடர் தேடுவது மாதிரி. டின் பழத்தைவிட இதுதான் பொருத்தம், காரணம் புளிப்பு. கேக் மிக்ஸில் மைதாவுக்கு ஈடாகச் சர்க்கரை இருக்கிறது, டின் பழத்திலும் பாகு. இரண்டும் சேர்ந்தால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டும். மலைப் பிளம்ஸின் அந்தத் தோல் புளிப்புதான் இதை இன்னொரு கிண்ணம் கேட்க வைக்கும். முற்றிக் கனிந்து கையில் குழைகிற பழத்தை ஜாமுக்கு ஒதுக்குங்கள். சிவந்து, அமுக்கினால் லேசாகக் கொடுக்கிற பதத்தில் பறித்து, கொட்டை நீக்கி நான்காக வகுந்துகொள்ளுங்கள். தோலை உரிக்காதீர்கள், நிறம் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டின்னில் வருகிற செர்ரியை ஏற்கெனவே ஸ்டார்ச் போட்டுக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். உங்கள் பிளம்ஸ் அப்படியில்லை, சூடு பட்டதும் தண்ணீராக விடும். அதனால் 600 கிராம் பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு, நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போட்டுப் பிசறி, பத்து நிமிடம் ஊறவிட்டு, கசிந்த சாற்றோடு தட்டில் பரப்புங்கள். சாற்றை வடித்துவிடக் கூடாது. மாவு வேகத் தேவையான தண்ணீரே அதுதான்.

பேரிக்காய் வேறு ஜாதி. உங்கள் ஊர்ப் பேரிக்காயைக் கடித்துத் தின்னப் பல் வேண்டும், பச்சையாகப் போட்டால் மேலே கருகினாலும் அடியில் கடக் முடக்கென்றே நிற்கும். தோல் சீவி, நடுவை எடுத்துவிட்டு, விரல் மொத்தத்தில் நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, மூன்று கிராம்போடு மூடி வேகவையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், பழம் குழையக் கூடாது. புளிப்பு இதில் போதாது. எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வேலியில் பேஷன் ஃப்ரூட் தொங்கினால் இரண்டு கேட்டு வாங்கி விதையோடு வழித்துப் போடுங்கள், அது இன்னும் அருமை. சோளமாவை வெந்த சாற்றிலேயே கரைத்துவிடலாம்.

மலைவாழைப்பழம் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். விருப்பாச்சிப் பழத்தில் தண்ணீர்ப் பசை குறைவு. அதனால்தான் பழனிப் பஞ்சாமிர்தம் தண்ணீரே சேர்க்காமல் அவ்வளவு கெட்டியாக நிற்கிறது. அங்கே எது சிறப்போ அதுவே இங்கே கேடு. சாறு விடாத பழத்தின் மேல் மாவு கடைசிவரை மாவாகவே உட்கார்ந்திருக்கும்.

பழம் பரப்பியாயிற்றா? அதன்மேல் மிக்ஸை ஒரே சீராகத் தூவுங்கள். கட்டி இருந்தால் சல்லடையில் சலித்தே தூவலாம். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கிளறவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை செய்தபோது, உப்புமா கிண்டிப் பழகிய கை சும்மா இருக்காமல் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். வந்தது களி. இனிப்புக் களி என்று பெயர் வைத்துப் பரிமாறினேன், யாரும் ஏமாறவில்லை.

வெண்ணெயை உருக்கி ஊற்றுவதைவிட வில்லையாகச் சீவி வைப்பதுதான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. உருக்கி ஊற்றினால் ஒரு பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடும், மற்ற இடம் காய்ந்துபோகும். உங்கள் குளிருக்கு வெண்ணெய் ஃபிரிஜுக்கு வெளியிலேயே கல்லாகத்தான் இருக்கும், காய் சீவுகிற கத்தியில் மெல்லிசாகச் சீவ வரும். ஓடு வேய்கிற மாதிரி இடைவெளி விடாமல் அடுக்குங்கள். கடையில் விற்கிற உப்பு வெண்ணெயே நல்லது, அந்த உப்பு இத்தனை இனிப்புக்கு நடுவில் தேவைப்படுகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் மோர் போகக் கழுவிவிட்டு ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிஜியை முன்னதாகவே 180 டிகிரிக்குச் சூடாக்கி, நடுத்தட்டில் வையுங்கள். சாறு பொங்கி வழியும், அதனால் கீழே ஒரு தட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுநாள் முழுக்கச் சுரண்டல்தான். 45 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். மின்சாரம் சோர்வாக இருக்கிற மாலை நேரத்தில் ஒரு மணிகூட ஆகும். ஓரத்தில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும், மேலே பொன்னிறம் வந்திருக்க வேண்டும். அங்கங்கே வெள்ளைத் திட்டாக மாவு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் சின்னத் துண்டு வெண்ணெயோ ஒரு கரண்டி சூடான பாலோ விட்டு இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். அரைமணி ஆறினால்தான் சாறு இறுகும்.

குக்கரில் வருமா என்று கேட்டீர்கள். வரும், ஆனால் நான் செய்யமாட்டேன். விசிலையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு வைத்தாலும் மூடியில் தங்குகிற ஆவி சொட்டி, மேல்பக்கம் மொறுமொறுப்பே வராது. அதற்குப் பதில் கரண்ட் இல்லாத நாளில் இப்படிச் செய்யுங்கள். பிளம்ஸை அதே சர்க்கரை, சோளமாவோடு அடுப்பில் வைத்துக் கெட்டிப்பதமாக வேகவைத்து ஆறவிடுங்கள். இன்னொரு பக்கம் மிக்ஸில் வெண்ணெயைப் போட்டு, புட்டு மாவுக்குப் பிசறுவது போல, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை அடிகனமான வாணலியில் சின்னத் தீயில், பச்சை மாவு வாசம் போய்ப் பிஸ்கட் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். மாவில் சர்க்கரை இருப்பதால் கை எடுத்தால் அடிப்பிடிக்கும், போன் வந்தால் எடுக்காதீர்கள். இங்கே தாராளமாகக் கிளறலாம்.

ஆறியதும் கண்ணாடி டம்ளரில் ஒரு அடுக்குத் தூள், ஒரு அடுக்குப் பழம், மேலே துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த தயிரைச் சர்க்கரை போட்டு அடித்து ஒரு அடுக்கு, மறுபடியும் தூள். மஞ்சளும் கருஞ்சிவப்பும் வெள்ளையுமாக, நீங்கள் செய்தது தெரியாமல் வாங்கியதா என்று கேட்பார்கள். தூளை மட்டும் சாப்பிடுகிற நேரத்தில் போடுங்கள், முன்கூட்டியே அடுக்கினால் நமுத்துவிடும்.

ஓடிஜியில் செய்தது மிஞ்சினால் மறுநாள் காலை தோசைக்கல்லில் மூடாமல் சின்னத் தீயில் சூடுபண்ணுங்கள், மொறுமொறுப்பு பாதியாவது திரும்பி வரும். பேரிக்காயில் செய்கிற அன்றைக்குக் கிராம்பை எண்ணிப் போட்டு, மாவு தூவுவதற்கு முன்னால் எண்ணி எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒன்று தப்பினால் அது நேராக மாமியார் கிண்ணத்துக்குத்தான் போகும்.