கடற்கரையில் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏன் சாம்பல் பூசியதுபோல் வருகின்றன?

நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்த படங்கள் எல்லாம் வெளிறிப்போய் வருவதாகவும், வேறு கேமரா வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எந்தத் திசை நோக்கி எடுக்கிறீர்கள் என்பதையும், நிறங்கள் எவ்வாறு சாம்பலாக மாற்றப்படுகின்றன என்பதையும் முதலில் பாருங்கள்.

பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை நம் கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரே இருக்கும்; படகும் ஆளும் வெறும் கரிய உருவங்களாகிவிடும். சூரிய உதயத்தின் அழகில் பெரும்பகுதி நிறத்தைச் சார்ந்தது என்பதால், கறுப்பு வெள்ளைக்காக அதிகாலையில் எழுந்து ஓடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் ஊர்ப்பக்கமிருந்து தாழ்ந்து வரும். அப்போது கடலுக்கு மேலுள்ள வானம் காலையில் இருந்ததைவிட நீலமாக இருக்கும். கரையோரமாகவே வடக்கு அல்லது தெற்கு நோக்கித் திரும்பினால், பக்கவாட்டு ஒளியில் மணல்வரிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு தெரியும்.

வானத்தைக் கறுக்கச் செய்வது லென்ஸின் முன் பொருத்தும் நிறக் கண்ணாடியான சிவப்பு ஃபில்டர். அது நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் நீல வானம் கருத்து, வெண்மேகம் பிரிந்து நிற்கும். அடர்சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ மூன்று ஸ்டாப் ஒளியையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) விழுங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வானம் பல நாள்களில் நீலமாக இல்லாமல் பால்வெள்ளையாகவே இருக்கிறது. வெள்ளையில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால் எந்த ஃபில்டர் போட்டாலும் வானம் மட்டும் தனியே கருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மழை ஓய்ந்து புழுதி அடங்கிய மறுநாள்தான் இதற்கு உகந்தது. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையை அத்தகைய நாளில் ஆரஞ்சு ஃபில்டருடன் எடுத்துப் பாருங்கள். மங்கிய மஞ்சள் சாயல் கொண்ட அதன் சுவர் வெளுக்கும், பின்னுள்ள வானம் இருளும். அருகிலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அங்கு கல்லின் சொரசொரப்புதான் படம் என்பதால் ஃபில்டரை விடத் தாழ்ந்த வெயிலே முக்கியம்.

டிஜிட்டலில் இந்த நிறக் கண்ணாடி ஃபில்டர் தேவையில்லை. ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, கணினியில் நீலத்தைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினால் அதே விளைவு கிடைக்கும். நீலத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாகக் கறைகள் (நாய்ஸ்) தோன்றும். மென்பொருளின் தானியங்கி மாற்றத்தை மட்டும் நம்பாதீர்கள்: வழக்கமான ஒரு கணக்கில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 விழுக்காடு எடை தரப்படுகிறது. நேரில் பளிச்சென்று தெரியும் ஃபைபர் படகின் நீல உடலும் அதில் எழுதிய சிவப்பு எழுத்தும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடுவது உண்டு. நீங்கள் சொல்லும் சாம்பல் பூச்சுக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சிவப்பைக் கூட்டினால் எழுத்து வெளுக்கும். நீலத்தைக் கூட்டினால் படகு வெளுக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வலை இழுப்பவர்களின் முகங்கள் படத்தில் இருந்தால் நான் சிவப்பைக் கூட்ட மாட்டேன். வெயிலில் கருத்த மேனியை அது செயற்கையாக வெளுக்கச் செய்கிறது.

வெளிறலுக்கு நேர் எதிரான கோளாறும் ஒன்று உண்டு. வேதாரண்யம் உப்பளத்தில் குவித்த உப்பையோ அலை நுரையையோ படம் முழுவதும் நிறையும்படி எடுத்தால், கேமராவின் ஒளியளவி அந்த வெண்மையை நடுத்தரச் சாம்பலாகக் கருதிப் படத்தை இருட்டாக்கிவிடும். அங்கே ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி எடுங்கள், ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதவரை.

அலையைப் பனிபோல் பரவவிடும் நீண்ட எக்ஸ்போஷருக்கு (ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பது) பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடி, வேண்டும். அதைப் போட்டால் 1/60 நொடி எக்ஸ்போஷர் ஏறத்தாழ 17 நொடியாகும். ஈரமணலில் ஒவ்வொரு அலைக்கும் ட்ரைபாடின் கால்கள் இறங்கும் என்பதால், கால்களை நன்றாக அழுத்திப் புதைத்து, அலை ஒன்றிரண்டு வந்து போன பிறகே பட்டனை அழுத்துங்கள்.