கால்மிதி ஏன் கிண்ணமாகிறது?

கொக்கி ஊசியால் போடும் குரோஷாப் பின்னல் குறித்து வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகப் பெண்களுக்குத் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்து வருபவர்.

அம்மாவின் பழைய நூல் புடவைகளைக் கிழித்து வட்டக் கால்மிதி பின்னுகிறேன். ஐந்தாவது சுற்றுக்குள் ஓரம் எழும்பிக் கிண்ணமாகிவிடுகிறது. என் கை இறுக்கமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

கையைத் திட்டுவதற்கு முன் கண்ணிகளை எண்ணுங்கள். நான் முதலில் பின்னிய கால்மிதியும் இப்படித்தான் குழிந்தது. மாமியார் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சமையலறையில் அதன்மேல் ரசச் சட்டி உட்கார்ந்திருந்தது. பிரிமணையாகவே பல வருடங்கள் உழைத்தது அது.

ஒற்றைப் பின்னலில் நடுவில் 6 கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, ஆக 18. பிறகு 24, 30. சுற்றுக்கு ஆறு கூட வேண்டும். அது என்ன ஆறு என்று நானும் வெகுநாள் மனப்பாடமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப் படித்த என் மகன்தான் விளக்கினான். விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் சுற்றளவு. ஒரு சுற்று போட்டால் விட்டம் இரண்டு பக்கமும் வளர்கிறது. எனவே சுற்றளவு ஒரு கண்ணியின் உயரத்தைப் போல ஆறேகால் மடங்கு கூடும். ஒற்றைப் பின்னலில் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே ஆறு. ஆறுக்குக் குறைந்தால் கிண்ணம். மிகுந்தால் பொரித்த அப்பளம் போல ஓரம் நெளியும்.

நீங்கள் சுற்றின் முதல் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள் என்பது என் ஊகம். அதில் ஓர் ஊக்கைக் குத்திவையுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால், அப்போது கையைச் சந்தேகப்படலாம். 10 மில்லிமீட்டர் ஊசியை வைத்துவிட்டு 12 எடுங்கள். இன்னொன்று: இரட்டிக்கும் கண்ணிகள் எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வட்டம் அறுகோணமாகும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

புடவையைக் கத்தரியால் வெட்ட வேண்டாம். நூல் புடவை நீளவாக்கில் நேராகக் கிழியும். கரையை முதலில் தனியே எடுத்து வையுங்கள். கடைசிச் சுற்றுக்கு அதைவிடத் திடமான துணி கிடைக்காது. மீதியை ஓர் அங்குல நாடாக்களாகக் கிழித்தால், ஒரு புடவையில் இருநூறு மீட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். நாடாக்களை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், காலில் உறுத்தும். இரு நுனிகளிலும் சிறு துவாரம் வெட்டுங்கள். புதிய நாடாவின் துவாரத்துக்குள் பழையதன் நுனியை நுழைத்து, புதியதன் வாலைப் பழையதன் துவாரம் வழியே இழுத்துவிட்டால் போதும். கிழிக்கும்போது பறக்கும் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அம்மாவின் புடவை என்கிறீர்கள். கண்ணுக்கு நான் என்ன சொல்ல?

ஐப்பசி, கார்த்திகையில் இதைப் புழக்கடை வாசலில் போடாதீர்கள். நனைந்தால் கடலூர் ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் கையில்லாத மேல்சட்டை பின்ன ஆசை. அக்ரிலிக் நூலா, பருத்தியா?
– வாசகி, லாஸ்பேட்டை

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்திதான். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இளகிப் பளபளவென்று தட்டையாகிவிடும். ஆனால் பருத்திக்குக் கனம் அதிகம். ஹேங்கரில் மாட்டினால் தன் பாரத்திலேயே நீளும். துவைத்ததும் துண்டில் சுருட்டிப் பிழிந்து, படுக்கை வசத்தில் காயப்போடுங்கள்.

சட்டையை ஆரம்பிக்கும் முன் நான்கு விரற்கடை அகலத்துக்கு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, அதைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளவெடுங்கள். எல்லாரும் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் குதித்தேன். பேத்தியின் ஒன்றாவது பிறந்தநாளுக்குப் பின்னிய கவுன், முதல் சலவையில் சுருங்கி அவள் பொம்மைக்குப் போய்ச் சேர்ந்தது.

இணையத்தில் கிடைத்த குறிப்பின்படி 'டபுள் குரோஷே' போட்டேன். படத்தில் இருப்பதைவிட என் துணி இரண்டு மடங்கு உயரமாக வருகிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் குறிப்பாக இருக்கும். அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்பதையே பிரிட்டனில் 'டபுள்' என்பார்கள். நீங்கள் போட்டது அமெரிக்க 'டபுள்', அதனால்தான் உயரம். குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' எங்காவது வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. ஆண் ஒருவர் எழுதியதில் மகிழ்ச்சி.

கடையில் குரோஷா மேஜை விரிப்பு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்கிறார் கணவர். அதையெல்லாம் இயந்திரம் பின்னிவிடுகிறதாமே?
– வாசகி, அரியாங்குப்பம்

ஸ்வெட்டர் பின்னலை இயந்திரம் போடும். குரோஷாவைப் போன்ற தோற்றத்தையும் தரும். உண்மையான குரோஷாக் கண்ணியோ இன்றுவரை கைவேலைதான். ஆகவே கடையிலிருப்பது நிஜக் குரோஷாவாக இருந்தால், அதை ஒரு பெண் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் ஊர் ஊராகப் பெண்கள் செய்யும் தொழில் இது. அடுத்த முறை ஒரு விரிப்பைப் பின்னும்போது கடிகாரம் பார்த்து மணிகளைக் குறித்துவையுங்கள். இருநூறில் நூல் விலையையும் கடைக்காரர் லாபத்தையும் கழித்து, மீதியை அந்த மணிகளால் வகுக்கச் சொல்லிக் கணவரிடம் காகிதத்தை நீட்டுங்கள்.

என் பெண்ணுக்கு இடக்கைப் பழக்கம். நான் சொல்லிக்கொடுத்தால் குழம்புகிறாள்.
– வாசகி, மஞ்சக்குப்பம்

பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரே உட்காருங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல உங்கள் கையைப் பார்த்துச் செய்வாள்.