சாய்ந்த மாடித் தரையில் கான்கிரீட் போடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் கட்டியது. செங்கல் சுவர், மாடிக்கு மர உத்திரம் போட்டு மேலே சுண்ணாம்புக் காரைத் தளம். 12-க்கு 12 அடி மேல் அறை மேற்குச் சுவரை நோக்கி 6 செ.மீ. இறங்கியிருக்கிறது. கீழே அதே சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். கான்கிரீட் போட்டு மட்டமாக்கி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. உங்கள் அறை 13.4 சதுர மீட்டர். கிழக்கே ஒன்றுமில்லாமல் தொடங்கி மேற்கே 6 செ.மீ. கனத்தில் முடித்தாலும் சராசரி 3 செ.மீ. அதற்கே 960 கிலோ வந்துவிடும். டைல்ஸும் அதன் அடிக்கலவையும் சேர்ந்தால் ஒரு டன்னுக்கு மேல். வீட்டு அறையில் ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் இந்தியத் தர விதிகள் கணக்கில் எடுக்கின்றன. மேற்கு ஓரத்தில் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 144 கிலோ ஏறும். உத்திரங்கள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால், ஏற்கெனவே இறங்கிய சுவர்தான் இதில் பெரும்பங்கைத் தாங்க வேண்டும்.

தரை சாய்ந்ததற்குச் சுவர்தான் காரணமா, மரமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து அறையில் இரண்டடிக்கு ஒரு புள்ளியாக அளந்தால் போதும். நடுவில் பள்ளம் என்றால் உத்திரம் தொய்ந்திருக்கிறது. ஒரு சுவரை நோக்கிச் சீராக இறங்கி, அந்தச் சுவரிலும் விரிசல் இருந்தால் அஸ்திவாரம். சுவரில் விரிசலே இல்லாமல் ஓரம் மட்டும் இறங்கியிருந்தால், சுவருக்குள் புதைந்த உத்திர முனை உளுத்திருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அஸ்திவாரம் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் முனைகளைக் குத்திப் பார்க்காமல் விடாதீர்கள்.

உங்கள் மண்தான் இங்கே பெரிய விஷயம். கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் இருப்பது உங்கள் சித்தூர் வட்டாரத்தில்தான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பங்குனி, சித்திரையில் விரிசல் அகலமாகி மழைக்குப் பிறகு மூடிக்கொள்கிறதா? அப்படியானால் சுவர் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க முடியாது. விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடையிலுள்ள தூரத்தை மாதம் ஒருமுறை மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கோடை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலா மழை (வடகிழக்குப் பருவமழை) மூன்றையும் பார்த்தாக வேண்டும். அதாவது முழுசாக ஒரு வருஷம். பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அளந்துகொண்டிருக்கும்போதே தண்ணீரைச் சரிசெய்யுங்கள். மேற்குச் சுவரோரம் கூரைத் தண்ணீர் விழுகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா, செப்டிக் டேங்க் ஒட்டி இருக்கிறதா? எல்லாவற்றையும் சுவரை விட்டு விலக்குங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில், வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டால் அடிமண் ஈரம் அதிகம் மாறாது. பக்கத்தில் பெரிய வேம்போ புளியோ இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வேர் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, இறங்கிய இடம் மேலே உப்பத் தொடங்கும். அது இன்னொரு விரிசலில் முடியும்.

வருஷ முடிவிலும் ஒரே பக்கமாக இறக்கம் தொடர்ந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி வலுப்படுத்தும் வேலையை, இடைவெளி விட்டு விட்டு ஒரு மீட்டர் துண்டுகளாகத்தான் செய்ய வேண்டும். நீளமாக ஒரே வாய்க்காலாகத் தோண்டச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அசைவு நின்றது உறுதியானால், கனமில்லாத வழியில் மட்டமாக்கலாம். ஒரு முனை மெல்லிசாகவும் மறுமுனை 6 செ.மீ. உயரமாகவும் சீவிய மரச்சட்டங்களை, கரையான் மருந்து அடித்து, 40 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். மேலே 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட், அதற்கு மேல் வினைல். சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்குள் முடிந்துவிடும். டைல்ஸ் ஆசையை இந்த அறைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மரத்தளம் லேசாக அசையும், டைல்ஸ் இணைப்புகள் பிளந்துகொள்ளும். மூட்டையில் வரும் லெவலிங் கலவை சில மில்லிமீட்டர் பள்ளத்துக்குத்தான். 6 செ.மீ.க்கு அதை ஊற்றினால் திரும்பவும் அதே எடைப் பிரச்சினை.

முழு மட்டம் வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். 12 அடிக்கு 1 செ.மீ. சாய்வு காலுக்குத் தெரியாது. மாடிப்படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே என்றால், உயர்த்தும் அளவு அப்படியே கடைசிப் படியில் கூடும். மற்ற படிகளைவிட அது மட்டும் உயரமானால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். சட்டம் சீவுவதற்கு முன் அந்தப் படியை அளந்துகொள்ளுங்கள். கதவின் அடிப்பக்கத்தையும் ஜன்னல் திட்டின் உயரத்தையும் அதோடு அளந்துவிடுங்கள்.