கொரோனா தொற்றுக்காலத்தில் பாட்டு, விருந்தாளி, புத்தகம், சதுரங்கம்: வாசகர் கேள்விகள்

கே: ஆறு பேர் சேர்ந்து பாடும் குழு எங்களுடையது. இப்போது வீடியோ காலில்தான் கூடுகிறோம். இரண்டாவது வரியிலேயே ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லையே?

ப: கூட்டினாலும் பெரிதாக மாறாது. கோளாறு வேகத்தில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் உங்களுக்கு 30 மில்லிசெகண்ட் பிந்திக் கேட்கும். தாளம் கலையாமல் சேர்ந்து பாட அதுதான் கிட்டத்தட்ட எல்லை. வீடியோ காலிலோ 150 மில்லிசெகண்ட் தாமதம் சர்வசாதாரணம். அதாவது ஐம்பது மீட்டர் இடைவெளியில் நின்று பாடுகிறீர்கள். ஒருவருக்கு ஒருவர் காத்திருந்து காத்திருந்து பாட்டு மெதுவாகிப் படுத்துவிடும். போதாக்குறைக்கு, செயலி உரத்த குரல் ஒன்றை முன்னே விட்டு மற்றவற்றை அமுக்கும். நீண்டு ஒலிக்கும் சுருதியை ஃபேன் இரைச்சல் என்று எண்ணி அழித்தும்விடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டால் சுருதி தப்பிக்கும். தாமதம் அப்படியேதான் இருக்கும்.

நேரலையில் கூடும் இன்பம் வேண்டுமென்றால், ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து பாடட்டும். மற்றவர்கள் மியூட்டில் அவரோடு சேர்ந்து பாடலாம். பாடுபவருக்கு மட்டும் தனியாகப் பாடுவது போலிருக்கும், ஆகவே பாட்டுக்குப் பாட்டு ஆளை மாற்றுங்கள்.

ஆறு குரலும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டுவதே வழி. முதலில் ஒருவர் நான்கு எண்ணிக்கை சொல்லி, ஒரு முறை பலமாகக் கைதட்டி, பாட்டு முழுவதையும் பாடி வழிகாட்டிப் பதிவு ஒன்றை அனுப்புவார். மற்றவர்கள் அதை ஒரு போனில் இயர்போன் வழியாகக் கேட்டபடி இன்னொரு போனில் பதிய வேண்டும். வழிகாட்டியில் கைதட்டு வரும் அதே கணத்தில் நீங்களும் தட்டுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஆறு பதிவுகளையும் திறந்தால் அந்தக் கைதட்டு ஈட்டி முனை போல உயர்ந்து தெரியும். முனைகளை ஒரே கோட்டில் நிறுத்தினால் பாட்டும் சேர்ந்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். புளூடூத் இயர்போன் தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கும், எனவே கம்பி இயர்போனே வேண்டும். அதை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இரண்டு காதையும் அடைத்தால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல் சுருதி நழுவும். போனை வாயிலிருந்து 30, 40 சென்டிமீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சு மோதும் சத்தம் வராது. எதிரொலிக்கும் வெற்று அறையைவிடத் துணிகள் தொங்கும் அலமாரிப் பக்கம் நல்லது. முடித்த பதிவை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், அமுக்கிச் சிறுத்துவிடும். கோப்பாக அனுப்புங்கள்.

‘நேரிலேயே ஒரு நாள் கூடிவிட்டால் என்ன?’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கூடுவதானால் திறந்த வெளியில், இடைவெளி விட்டு, கொஞ்ச நேரம் மட்டும்.

கே: கைகுலுக்க நீளும் கையை எப்படி மறுப்பது? பின்வாங்கினால் முகம் சுருங்குகிறது.

ப: கை நீண்ட பிறகு மறுத்தால் எப்படியும் அவமதிப்பாகத்தான் தெரியும். நாலடி தூரத்திலேயே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். நின்று, கைகளைக் கூப்பி அல்லது நெஞ்சில் வைத்து, பெயரைச் சொல்லி அழைத்து விசாரியுங்கள். மீறிக் குலுக்கிவிட்டாரா? பரவாயில்லை, முகத்தைத் தொடாமல் இருந்து, வாய்ப்புக் கிடைத்ததும் சோப்பால் 20 விநாடி கழுவுங்கள். அவர் கண்ணெதிரே சானிடைசரைப் பிதுக்குவதுதான் உண்மையான அநாகரிகம்.

கே: இரண்டு நண்பர்களை வீட்டுக்கு அழைக்க ஆசை. ‘உடம்பு சரியாக இருக்கிறதா’ என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ? அறையில் என்னென்ன செய்ய வேண்டும்?

ப: வாசலில் வைத்துக் கேட்டால் கோபம் வரும். அழைக்கும்போதே சொல்லிவிட்டால் வராது. விசாரணையாக இல்லாமல் இரு தரப்புக்கும் பொதுவான ஏற்பாடாகச் சொல்லுங்கள்: “ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருப்போம். உங்களுக்கோ எங்களுக்கோ அன்று இருமல், காய்ச்சல், தொண்டை வலி எது இருந்தாலும் வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.” முடியும் நேரத்தையும் சொல்வது முக்கியம். எப்போது எழுந்திருப்பது என்று விருந்தாளி தவிக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் காரணம் கேட்காதீர்கள். ஒருமுறை நீங்கள் குடைந்தால், அடுத்த முறை அவர் இருமலோடு வந்து நிற்பார்.

வீட்டிலேயே கிட் வைத்துத் தொற்றுப் பரிசோதனை செய்வதானால் கிளம்புவதற்குச் சற்று முன் செய்வதே பயன். முந்தின நாள் வந்த ‘இல்லை’ என்ற முடிவு இன்றைக்குச் சாட்சி அல்ல. இன்றைய ‘இல்லை’யும் முழு உத்தரவாதம் அல்ல. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரப்ப முடியும் என்பதால் மற்ற ஏற்பாடுகளைக் கைவிடக் கூடாது.

இனி அறை. மேசையைத் துடைப்பதில் செலவிடும் கவனத்தில் பாதியைக் காற்றுக்குக் கொடுங்கள். ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று தயங்கும். எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால்தான் ஓடும். ஒரே ஜன்னல்தான் என்றால் அறைக் கதவையும் திறந்து, ஜன்னலோரம் ஒரு ஸ்டாண்ட் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். உள்காற்றை அது வெளியே தள்ள, கதவு வழியாகப் புதுக்காற்று வரும். காற்று ஏற்கெனவே அந்த ஜன்னல் வழியாக உள்ளே வீசிக்கொண்டிருந்தால் ஃபேனை எதிர்ப்பக்கத் திறப்புக்கு மாற்றுங்கள். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஸ்ப்ளிட் ஏசியும் பொதுவாக அதே அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. நாம் விடும் மூச்சிலுள்ள அந்த வாயு அறையில் தேங்கத் தேங்க மீட்டரின் எண் ஏறும். வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்ட வேண்டும். அறையில் 800-க்குள் நின்றால் காற்றோட்டம் நன்று. 1000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இன்னொரு கதவைத் திறந்துவிடுங்கள், அல்லது எல்லோரும் வெளியே போய் உட்காருங்கள். மலிவான சில மீட்டர்கள் அந்த வாயுவை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை வைத்து ஊகிக்கின்றன. பக்கத்தில் சானிடைசரைத் தேய்த்துப் பாருங்கள். எண் துள்ளிக் குதித்தால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

பின்னணி இசையைக் குறைத்து வையுங்கள். சத்தத்தை மீறிப் பேசும்போது குரல் உயர்கிறது, குரல் உயர உயர வாயிலிருந்து வெளிப்படும் நுண்துளிகளும் கூடுகின்றன.

சந்திப்புக்குப் பிறகு யாருக்காவது நோய் தெரிந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்: அறிகுறி தொடங்கிய நாள், பரிசோதனை முடிவு, இவ்வளவு போதும். ‘யாரிடமிருந்து வந்தது’ என்ற துப்பறிதல் வேண்டாம். அது நிச்சயமாகத் தெரியப்போவதும் இல்லை, நட்புதான் போகும்.

கே: இரவல் வாங்கிய புத்தகங்களை எப்படிச் சுத்தம் செய்வது? மைக்ரோவேவில் வைக்கலாம் என்கிறார்களே!

ப: வைக்காதீர்கள். ஸ்டேப்பிள் முள்ளும், நூலகப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் மின்னணுப் பட்டையும் உலோகம். பொறி பறந்து தாள் பற்றிக்கொள்ளும். சானிடைசர் தெளித்தால் மையும் பசையும் கெடும். வெயிலில் விரித்தால் தாள் பழுத்து முதுகு விட்டுப்போகும்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் 2020-இல் வெளிவந்த ஆய்வக முடிவுகள். அட்டையில் 24 மணி நேரம் வரையும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும் உயிர்ப்புள்ள வைரஸ் கிடைத்தது. நூலகங்கள் புத்தகங்களை மூன்று நாள் ஒதுக்கி வைத்ததும் அந்தக் கணக்கில்தான். பிறகு, தொட்டுப் பரவும் ஆபத்து மிகச் சிறியது என்று தெளிவானது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அதைப் பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. வாங்கியதும் கை கழுவுங்கள், அது போதும். எச்சில் தொட்டுத் தாள் திருப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தொற்று போன பிறகும்கூட.

கே: ஜிக்சா படப்புதிரை நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுகிறோம். துண்டு தொலைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணினால் கணக்கே வரவில்லை.

ப: பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் 38 × 27 அடுக்கில் வெட்டி 1026 துண்டு இருப்பது சகஜம். படம் முழுதாக இருக்கும்போதே நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கிப் பெட்டிக்குள் எழுதி வையுங்கள். கலைக்கும்போது ஓரத்துண்டுகளைத் தனிப்பையில் போடுங்கள். இந்த அளவுக்கு அவை 126 இருக்க வேண்டும். அடுத்தவர் முதலில் ஓரத்தைத்தான் தேடுவார், அவருக்கும் வேலை மிச்சம்.

கே: மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது.

ப: மாஸ்க்கின் மேல் விளிம்பில் கசிவு இருக்கிறது என்று உங்கள் கண்ணாடி சொல்கிறது. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். மாஸ்க்கின் மேல் கண்ணாடி உட்காரட்டும். மீதி ஆவிக்கு, கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, உதறி, துடைக்காமல் உலர விடுங்கள். மெல்லிய சோப்புப் படலம் நீர் முத்து முத்தாகச் சேர்வதைத் தடுக்கும். பற்பசை பூசச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், கீறல்தான் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: கண்ணாடியைக் கழுவலாம், என்-95 மாஸ்க்கைக் கழுவக் கூடாது. அதன் இழைகளில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகளை ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்போ ஆல்கஹாலோ பட்டால் அது போய்விடும்.

கே: வெளியூர் நண்பரோடு கடிதம் வழியாகச் சதுரங்கம் ஆட விரும்புகிறேன். நகர்வை எப்படி எழுதுவது?

ப: சர்வதேசக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பின் எண்முறை எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். வெள்ளையின் இடது கையோரமிருந்து நெடுக்கு நிரல்களுக்கு 1 முதல் 8, வெள்ளையின் பக்கமிருந்து குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8. நிரல் எண் முதலில், வரிசை எண் அடுத்து: ஒரு கட்டத்துக்கு இரண்டு இலக்கம். கிளம்பும் கட்டம், சேரும் கட்டம் இரண்டையும் சேர்த்தால் நான்கு இலக்கம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. கோட்டை கட்டினால் ராஜாவின் நகர்வை மட்டும் எழுதவும்: வெள்ளை ராஜா தனக்கு அருகிலுள்ள யானையின் பக்கம் (குட்டைப் பக்கம்) போனால் 5171.

ஒவ்வொரு கடிதத்திலும் நகர்வு எண்ணையும் எதிராளியின் கடைசி நகர்வையும் திரும்ப எழுதுங்கள். ஒரு இலக்கம் தவறினால் அங்கேயே பிடிபடும். பதில் வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் ‘நீங்கள் இப்படிப் போனால் நான் இப்படி’ என்று எழுதினால் ஒரு தபால் மிச்சம். பத்து நகர்வுக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளலாம், தபாலில் கழியும் நாளைச் சேர்க்காமல். கணினியின் உதவி உண்டா இல்லையா என்பதை முதல் கடிதத்திலேயே முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்கு அனுமதி உண்டு. நண்பர்களுக்குள் வேண்டாம் என்பது எங்கள் கட்சி.