மேனுவலில் பி7, பங்க்கில் பி20: எதை நம்புவது?

கேள்வி: டி.பி.எஃப். (புகைக் கரி வடிகட்டி) உள்ள டீசல் கார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. டேங்க் மூடியின் உட்புறம் ‘பி7’ என்று ஒட்டியிருக்கிறது. வழக்கமாகப் போகும் பங்க்கில் பி20 கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும்தான் ஓட்டம், ஒரு நடைக்கு ஐந்தாறு கிலோமீட்டர். பி20 போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் காருக்கும் சரி, உங்கள் ஓட்டத்துக்கும் சரி, அது ஒத்துவராது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் பயோடீசல் இன்ஜினைக் கெடுத்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துகிறவர்களும், எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்கிறவர்களும் இந்த விஷயத்தைத் தொடுவதே இல்லை.

பி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண், நூறு பங்கில் எத்தனை பங்கு பயோடீசல் என்பதைச் சொல்கிறது. ஐரோப்பாவின் டீசல் தரமான இ.என். 590, 7 சதவீதம் வரை கலக்க அனுமதிக்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி975 தரத்தில் அது 5 சதவீதம். உங்கள் மூடியில் பி7 என்று இருப்பதற்கு அர்த்தம், அந்த அளவு வரைதான் உங்கள் இன்ஜினைச் சோதித்துப் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்பது. அதைத் தாண்டிப் போட்டு, பழுதுக்கு எரிபொருள்தான் காரணம் என்று தெரியவந்தால் வாரன்டி கேட்டு வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இனி டி.பி.எஃப். விஷயத்துக்கு வருகிறேன். சைலன்சர் பாதையில் உட்கார்ந்து கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அது. நிறைந்ததும் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும், அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர, பல கார்களில் சிலிண்டருக்குள் எரிப்பு முடிந்த பிறகு இன்னொரு முறை கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள். பெரும்பகுதி புகையோடு வெளியேறி வடிகட்டியைச் சூடாக்கும். மீதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். சாதாரண டீசலில் 200 டிகிரியிலேயே ஆவியாகும் பொருள்களும் இருக்கின்றன. அதனால் நல்ல நீண்ட ஓட்டத்தில் அதில் ஒரு பங்காவது ஆயிலை விட்டு வெளியேறும். பயோடீசல் கொதிப்பதே 300 டிகிரிக்கு மேல். ஆயிலில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். உங்களைப் போல ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு இந்த எரிப்பு பாதியில் நின்று, அடுத்த நாள் மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் ஆயில் கொஞ்சம் நீர்த்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மட்டம் மேல் குறியைத் தாண்டியிருக்கிறதா? முகர்ந்தால் டீசல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? விரலிடுக்கில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீர் போல ஓடுகிறதா? ஆயில் குறையவே இல்லை என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். ஊற்றாமலே ஏறும் ஆயில், குறையும் ஆயிலைவிட ஆபத்தானது. மேல் குறியைத் தாண்டிவிட்டால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

பயோடீசலின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து வரும் கரி குறைவு, அந்தக் கரி குறைந்த சூட்டிலேயே எரியவும் செய்யும். எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல் சைலன்சர் குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்த வண்டிகளில், நான் மேலே சொன்ன தொல்லையும் இல்லை. பி20-க்கு ஒப்புதல் தந்திருக்கும் கனரக வண்டிகளும் உண்டு. அப்படி ஒப்புதல் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். மேனுவலில் பி20-க்கென்று ஆயில் மாற்றும் கெடு தனியாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறிப்போய் ஒரு தடவை பி20 போட்டுவிட்டால் பதற வேண்டாம். பாதி டேங்க் பி20 இருக்கும்போது மீதியைக் கலப்பில்லாத டீசலால் நிரப்பினால் அது பி10 ஆகிவிடும். அடுத்த முறை நிரப்பும்போது இன்னும் குறையும்.

கேள்வி: பதினைந்து வருடப் பழைய டீசல் வேன். அதன் கம்பெனி பி20-ஐ அனுமதித்திருக்கிறது. இரண்டு டேங்க்தான் ஓடியது. ஏற்றத்தில் இழுவை இல்லை, பிறகு நின்றே விட்டது. ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக ஒரே சேறு. மெக்கானிக் கலப்பட எரிபொருள் என்கிறார். பங்க் மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தச் சேறு பெரும்பாலும் உங்கள் டேங்க்கில் பதினைந்து வருடமாகச் சேர்ந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்க்கின் அடியிலும் குழாய்ச் சுவரிலும் படிந்திருந்த அழுக்கையெல்லாம் கழுவி ஃபில்டருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய வண்டியில் பயோடீசலுக்கு மாறும்போது முதல் இரண்டு டேங்க் முடிவதற்குள் ஒரு ஃபில்டரையும், சிறிது நாளில் இன்னொன்றையும் மாற்றுவதற்குத் தயாராக இருக்க வேண்டும். இதை விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அந்த அளவில் உங்கள் கோபம் நியாயம்தான். புதிய ஃபில்டரும் அதே வேகத்தில் அடைத்தால் எரிபொருளின் மேல் சந்தேகப்படலாம். அப்போது கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதியும் பில்லும் சேர்த்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் பயோடீசலில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகிவிடும். பி100-இல் இது வேகமாக நடக்கும், பி20-இல் மெதுவாக. கிளிப் போட்ட இடங்களில் கசிவு இருக்கிறதா, அழுத்தினால் விரல் ஒட்டுகிறதா என்று மாதம் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும். மாற்றும்போது ஃப்ளோரோகார்பன் ரப்பரில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பி20 போட்டதும் மைலேஜ் பத்து சதவீதம் குறைந்துவிட்டது. இது இயல்பா?

பதில்: இல்லை. கலப்பே இல்லாத பயோடீசலில்கூட, லிட்டருக்கு உள்ள ஆற்றல் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம்தான் குறைவு. பி20-இல் அது ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பத்து குறைந்தால் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடிப்பு என்று வேறு இடத்தில் தேடுங்கள். ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும்: விலை வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே என்றால் பி20-ஆல் உங்களுக்குப் பண மிச்சம் கிடையாது.

கேள்வி: 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்கிறார்கள். அப்படியானால் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினால் என்ன? நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓட்டுகிறார்.

பதில்: ஓடியது உண்மை. ஆனால் அந்த இன்ஜினும் உங்கள் இன்ஜினும் ஒன்றல்ல. இன்றைய காமன் ரெயில் அமைப்பு 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகல ஓட்டைகள் வழியாக எரிபொருளைப் பனிப்புகையாகத் தூவுகிறது. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. அது புகையாகப் பிரியாமல் துளித்துளியாக விழும். பாதி எரிந்து இன்ஜெக்டர் முனையிலும் ரிங்கிலும் பிசினாக இறுகும். துணி, பொரியல் துகளைப் பிடிக்குமே தவிர எண்ணெயின் குணத்தை மாற்றாது. மெத்தனாலோடு வினைபுரியவைத்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்திய பிறகுதான் அதற்குப் பயோடீசல் என்று பெயர். நண்பரின் வண்டி இதுவரை ஓடியது என்பதை நம்பி, தயவுசெய்து உங்கள் இன்ஜெக்டர்களைப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பத்து வண்டிகள். சிறிய தயாரிப்பாளர் ஒருவரிடம் பி100 வாங்கி நாங்களே டீசலில் கலக்கப் போகிறோம். அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: இந்த லோடுக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். போன வருடத்தது ஆகாது. பயோடீசலுக்கான தரங்களான ஏ.எஸ்.டி.எம். டி6751 (அமெரிக்கா) அல்லது இ.என். 14214 (ஐரோப்பா) என்று அதில் இருக்க வேண்டும். எல்லா வரிகளையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் சோடியம், பொட்டாசியம் வரியைத் தேடிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக்கூடாது. தயாரிப்பில் வினையூக்கியாகப் போட்டதைச் சரியாகக் கழுவாவிட்டால் இவை மிஞ்சும். கரியை எரித்துவிடலாம், இவை விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. அது டி.பி.எஃப்.பில் கிடந்து அடைத்துக்கொண்டே போகும். அடுத்து, ஆக்சிஜனேற்ற நிலைப்பு என்ற வரி, அதாவது சோதனையில் காற்றோடு சேர்ந்து கெடாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது. அமெரிக்கத் தரத்தில் குறைந்தது 3 மணி, ஐரோப்பியத் தரத்தில் 8 மணி.

கையாலேயும் ஒரு சோதனை செய்யலாம். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதி பி100, பாதி தண்ணீர் ஊற்றிப் பலமாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று தெளிவாகப் பிரிந்தால் சரி. நடுவில் வெள்ளையாக, வெண்ணெய் போல ஒரு அடுக்கு நின்றுவிட்டால் சோப்போ அரைகுறை எண்ணெயோ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். இதில் தேறிவிட்டாலும் சான்றிதழ் வேண்டும், உலோகங்களைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அறுவடை இயந்திரம் வருடத்தில் இரண்டு மாதம்தான் ஓடும். மீதி நாள் பி20 டேங்க்கிலேயே இருக்கலாமா?

பதில்: வேண்டாம். பயோடீசல் காற்றோடு சேர்ந்து புளித்துப் பிசினாகும், ஈரத்தையும் டீசலைவிட அதிகமாக இழுக்கும். ஈரம் தங்கினால் நுண்ணுயிர் வளர்ந்து கொழகொழவென்று படியும். பருவத்தின் கடைசி டேங்க்கைச் சாதாரண டீசலில் ஓட்டி, டேங்க்கை முழுக்க நிரப்பி, மூடியை இறுக்கி நிறுத்துங்கள். நிறுத்தும் இடம் குளிர்ப்பகுதி என்றால் எந்த எண்ணெயில் செய்தது என்றும் கேளுங்கள். கலப்பில்லாத பாமாயில் பயோடீசல் 15 டிகிரி அளவிலேயே கலங்கத் தொடங்கிவிடும். கடுகுக் குடும்பத்து ரேப்சீட் எண்ணெயில் செய்தது பூஜ்யத்துக்குக் கீழும் தாங்கும்.

கேள்வி: எச்.வி.ஓ. என்று ஒன்று விற்கிறார்கள். அதுவும் பயோடீசல்தானே?

பதில்: மூலப்பொருள் ஒன்றுதான், செய்முறை வேறு. எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு பதப்படுத்துவதால் கிடைப்பது வேதியியல்படி டீசலுக்கு மிக நெருக்கமானது. ஆயிலில் தங்கும் தொல்லையோ ஈரம் இழுக்கும் குணமோ பயோடீசல் அளவுக்குக் கிடையாது. பி7 என்ற வரம்பும் இதற்குப் பொருந்தாது. இதற்கான தரம் இ.என். 15940. அந்த எண் உங்கள் மேனுவலில் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது எக்ஸ்.டி.எல். என்ற குறி டேங்க் மூடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கலக்காமலே போடலாம்.