கேள்வி பதில்: துரியோதனனுக்குப் போயி அழுவுறாங்களே!

கேள்வி: எங்க ஊரு ஆரணி பக்கம். தர்மராஜா கோயில்ல பாரதம் நடந்துச்சு, கடைசி நாளு படுகளத்துல எங்க ஆயா துரியோதனனுக்காகத் தேம்பித் தேம்பி அழுதுச்சு. "அவன்தான் கெட்டவனாச்சே, இன்னாத்துக்கு ஆயா அழுவுற"ன்னு கேட்டா, "போடி, உனக்கு இன்னா தெரியும்"னு திட்டுது. கெட்டவனுக்கு அழலாமா சார்?
- காலேஜ் மாணவி, ஆரணி

பதில்: உங்க ஆயா மட்டும் இல்லம்மா. செய்யாறு, வந்தவாசி, போளூர்னு பழைய வடாற்காடு பூரா அன்னிக்கு அழுவுற ஆயாக்கள் இருக்காங்க. வெளியூர் வாசகர்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். திரௌபதி அம்மன் கோயிலைத்தான் நம்ம பக்கம் தர்மராஜா கோயில்னு சொல்றது. பகல்ல வில்லிபாரதம், அதாவது வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடுன பாரதம் வெச்சு பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து. கடைசி நாள் காலையிலதான் படுகளம், துரியோதனனை மண்ணுலயே பிரம்மாண்டமா மல்லாக்கப் படுத்த மாதிரி செஞ்சு வெச்சிருப்பாங்க, பீம வேஷக்காரர் வந்து தொடையில ஓங்கி அடிப்பாரு, அங்கேருந்து எடுத்த செவப்பைத் தடவி திரௌபதி கூந்தலை முடிவாங்க, சாயங்காலம் தீமிதி. இதுக்கு நடுவுலதான் துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாளோ, அம்மா காந்தாரியோ வந்து ஒப்பாரி வெக்கிறது, அது ஊருக்கு ஊர் மாறும்.

இப்ப உங்க ஆயா நெலமையில இருந்து யோசிச்சுப் பாருங்க. அந்த ஆளை அவங்க எத்தினி ராத்திரியா பாத்துக்கினு இருக்காங்க! கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் கட்டிக்கினு திரைக்குப் பின்னாடியிலேர்ந்து அவன் வர்றப்ப இருக்குற மிடுக்கு தர்மனுக்கு வராது, கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் கிட்ட அவன் பேச்சு வாங்குறதும் ஒரு ரசனைதான். அதுக்கும் மேல, கர்ணன் சாகுற கூத்து, கர்ண மோட்சத்தன்னிக்கு, கர்ணன் மேல அவன் வெச்ச சிநேகிதத்தைப் பாத்தாச்சு. வில்லிபுத்தூரார் பாரதத்துல கர்ணனே குந்தி கிட்ட சொல்லுவானே, தான் துரியோதனன் பொண்டாட்டியோட தனியா இருந்தப்ப அவ இடுப்புல கட்டுன மேகலை அறுந்து மணியெல்லாம் கொட்டிப்போச்சு, அந்த நேரம் பாத்து உள்ள வந்த புருஷன் சந்தேகப்படாம "எடுக்கவோ, கோக்கவோ"ன்னு கேட்டான்னு. இது வியாசர்ல கெடையாது, தமிழ்ல நாமதான் அவனுக்குக் குடுத்தது. எந்தப் புருஷன் அப்படிக் கேப்பான்னு எனக்குத் தெரிஞ்சு இன்னிய வரைக்கும் திண்ணையில உக்காந்து பேசுறாங்க.

ஆனா சபையில இன்னொருத்தன் பொண்டாட்டியத் தலைமுடியப் புடிச்சு இழுத்துக்கினு வரச்சொன்னதும் இதே ஆளுதான். தன் வீட்டுப் பொம்பளை மேல ஒரு சொட்டு சந்தேகம் இல்ல, எதிரி வீட்டுப் பொம்பளைக்கு ஒரு சொட்டு எரக்கம் இல்ல. ரெண்டு துரியோதனன் இல்லம்மா, ஒருத்தன்தான். பாசம் இல்லாததால கெட்டவன் ஆனான்னு சொல்லவே முடியாது, அவனுக்குப் பாசம் ஏகத்துக்கும் இருந்துச்சு, ஆனா அது தன் ஆளுங்க நிக்கிற எடத்தோட முடிஞ்சு போச்சு. இத யோசிச்சா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும், ஏன்னா நம்மள்ல பாதி பேர் கதையும் இதுதான்.

அழுதுட்டதால ஆயா அவனை மன்னிச்சுட்டாங்கன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. தொடைய ஒடைக்கிறப்ப விசிலடிக்கிறதும் அதே ஜனம்தான். அடிய நிறுத்துன்னு யாரும் சொல்றதில்ல, அடிச்சப்புறம் அழாமலும் இருக்குறதில்ல, சில ஊர்ல அந்த மண்ணுலயே ஒரு பிடி எடுத்துப்போயி வீட்டுல வெச்சுக்கிறாங்க, வெளைச்சலுக்கு நல்லதாம்! வியாசரும் சும்மா விடல, தொடையில அடிச்சது தப்புன்னு பலராமன் கோவப்படுறாரு, சாகக் கெடக்குறவன் மேல வானத்துலேர்ந்து பூ கொட்டுது, கடைசியா தருமன் சொர்க்கத்துக்குப் போனா மொதல்ல கண்ணுல படுறதே சிம்மாசனத்துல ஜம்முனு உக்காந்திருக்குற துரியோதனன். தருமனுக்கே அது பொறுக்கல.

கேள்வி: இப்பல்லாம் எந்தக் கதைய எடுத்தாலும் வில்லனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக், சின்ன வயசுல சோறு கெடைக்கல, அப்பா அடிச்சாருன்னு. கெட்டவன் கெட்டவனாவே இருந்துட்டுப் போனா என்ன கெட்டுப்போச்சு?
- குடியாத்தம் வாசகர்

பதில்: ஃபிளாஷ்பேக் போரடிக்குதுன்றது வாஸ்தவம். ஆனா வில்லனுக்கு ஒண்ணுமே குடுக்காம விட்டா என்ன ஆவும்னு சிலப்பதிகாரத்துலயே இருக்கு. கோவலனைக் காட்டிக்குடுத்த பொற்கொல்லன் இருக்கானே, அவனுக்குப் பேரு கெடையாது, பொண்டாட்டி புள்ள பத்திப் பேச்சே கெடையாது, ராணி செலம்ப ஏன் திருடுனான்னும் தெரியாது. திருட்டுப் பொற்கொல்லன், அவ்ளோதான். பாண்டியன் நெலம வேற, விசாரிக்காம கொல்லச் சொன்ன தப்பு அவனோடது, ஆனா "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லிட்டு உசுர விடுறான், நாமளும் அவனுக்காக உச்சுக்கொட்டுறோம். மதுரைய எரிக்கிற கண்ணகி கூட கோவத்தோட உச்சியில நின்னுக்கினு நெருப்பு கிட்ட, கொழந்தைங்க, வயசானவங்க, பசு, பத்தினிங்க எல்லாரையும் விட்டுட்டு தீயவங்க பக்கம் மட்டும் போன்னு சொல்றா.

அப்புறம் நடந்ததத்தான் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்க மாட்டாங்க. அடுத்து வந்த வெற்றிவேல் செழியன் கண்ணகிக்குப் பலியா ஆயிரம் பொற்கொல்லர்களை ஒரே நாள்ல கொன்னான். ஈரைஞ்ஞூற்றுவர்னு கணக்கோட இருக்கு. திருடுனது ஒருத்தன், செத்தது அதே தொழில் பாத்த ஆயிரம் பேரு. காப்பியம் இதுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, மழை பேஞ்சு நாடு செழிச்சுதுன்னு போயிடுது, படிக்கிற நாமளும் கண்டுக்கறதில்ல. என் அபிப்பிராயம் என்னன்னா, மொத பொற்கொல்லனுக்கு ஒரு பேரும் ஒரு வீடும் இருந்திருந்தா அந்த ஆயிரம் பேரை இவ்ளோ லேசாத் தாண்டிப் போயிருக்க முடியாது. கெட்டவனுக்கு மூஞ்சி இல்லன்னா நம்ம கோவம் அவன் ஜாதி, தொழில், தெருன்னு போயி விழுந்துடும். பேப்பர்ல தெனமும் பாக்குறோமே. அதனால ஃபிளாஷ்பேக் வெக்கட்டும் சார், கொஞ்சம் நல்லா வெக்கட்டும்.

கேள்வி: மனுஷன் பொறப்புலயே நல்லவனா கெட்டவனா? ஒரே வரியில சொல்லவும்.
- சத்துவாச்சாரி வாசகர், வேலூர்

பதில்: ஒரே வரியில சொன்னா அது ஆட்டோ பின்னாடி எழுதத்தான் ஒதவும். மறுபடியும் சிலம்புக்கே போறேன், கோவிச்சுக்காதீங்க. கோவலனைக் கொல்லப் போன காவலருங்க அவனைப் பாத்ததும், இவனப் பாத்தா கொல்லப்பட வேண்டிய ஆளு மாதிரி தெரியலயேன்னு தயங்குறாங்க. உள்ளுக்குள்ள நல்லது இருந்துச்சு, வாய விட்டும் சொன்னாங்க. பொற்கொல்லன் சிரிச்சுக்கினே, திருடனுங்களுக்கு மந்திரம், மருந்து, தந்திரம்னு எட்டு வித்தை இருக்குன்னு லெக்சர் அடிக்கிறான். அவங்க யோசிச்சுக்கினு இருக்கும்போதே குடிகாரன் ஒருத்தன் கத்திய வீசிட்டான். தயங்குன யாரும் அவன் கைய புடிக்கல.

1961ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியில ஸ்டான்லி மில்கிராம்னு ஒருத்தர் ஒரு சோதனை பண்ணாரு. தப்பா பதில் சொல்றவனுக்கு ஷாக் குடு, ஒவ்வொரு தடவையும் ஏத்திக்கினே போன்னு சாதாரண ஆளுங்க கிட்ட சொன்னாங்க. ஷாக் நெஜமில்ல, அது அவங்களுக்குத் தெரியாது. 40 பேர்ல 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. சந்தோஷமா இல்ல, வேர்த்து விறுவிறுத்து, வேணாமேன்னு கெஞ்சிக்கினே அமுக்குனாங்க. "மக்களே போல்வர் கயவர்"னு வள்ளுவர் சொன்னாரு, கயவனும் பாக்க மனுஷன் மாதிரியே இருப்பானாம். சரிதான், ஆனா அந்த 26 பேரைக் கயவன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மீதி 14 பேர் பாதியில நிறுத்துனாங்கன்றதையும் மறந்துடாதீங்க.

கேள்வி: எங்க பாலாத்தைக் கெடுத்தவன் நல்லவனா கெட்டவனா?
- வாணியம்பாடி வாசகர்

பதில்: கோவம் புரியுது. தோல் தொழிற்சாலைக் கழிவு விவகாரத்துல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்லதான் 1996ல சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே காசு குடுக்கணும்னு சொல்லிச்சு, இன்னிக்கும் நாடு பூரா சட்டப் படிப்புல அந்தத் தீர்ப்பப் படிக்கிறாங்க. ஆனா ஒத்த வில்லனைத் தேடுனீங்கன்னா கெடைக்க மாட்டான். கழிவ விட்டவன் அன்னதானமும் பண்ணியிருப்பான், அந்தச் சம்பளத்துல புள்ளைங்களைப் படிக்க வெச்ச குடும்பங்க நம்ம தெருவுலயே இருக்கு, அந்தத் தோல்ல செஞ்ச ஷூவப் போட்டுக்கினு எங்கியோ ஒருத்தன் வாக்கிங் போறான். இத எப்படிக் கதையா எழுதுறதுன்னு நம்ம ஆளுங்களுக்கு இன்னும் பிடிபடல. கோர்ட்டு, அந்த ஆளு நல்லவனா கெட்டவனான்னு கேக்காம எவ்ளோ கெடுத்தன்னு மட்டும் கேட்டுச்சு, அந்தக் கேள்விதான் இங்க ஒதவுது.

கேள்வி: மூணாவது படிக்கிற என் பையன் ஸ்கூல் ஆண்டுவிழாவுல ராவணன் வேஷம்தான் வேணும்னு அடம் புடிக்கிறான். எங்க மாமியார் கூடவே கூடாதுன்றாங்க. என்ன பண்ணலாம் சார்?
- வாசகி, காட்பாடி

பதில்: கட்டட்டும்மா. கூத்துல இந்த மாதிரி வேஷத்துக்கு நல்லா ஆடத்தெரிஞ்ச ஆளைத்தான் தேடுவாங்க, மாமியார் கிட்ட அதச் சொல்லிப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, மீதி ஒம்போது தலையையும் லேசான அட்டையில வெட்டி தோள்பட்டையில கட்டுங்க, கழுத்துல கட்டினா பையன் திரும்புறப்ப பக்கத்துல நிக்கிற சீதை மூஞ்சியில இடிச்சுடும்.